புகைமூட்டத்தில் இறங்கிய விமானம்

போன வாரம் என் மகள் விமானம் பார்க்கப் போகலாமா என்று கேட்டாள். எங்கள் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஓடுபாதையின் கோடியில் நின்றால் தலைக்கு மேலேயே இறங்குமாம். போகலாம் என்று கார்ச் சாவியை எடுத்த நான், அவளிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். வெளியே புகைமூட்டம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது இதே தீவில் கெலுகோரில் இருந்தோம். மற்ற வீட்டு அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார்கள். என் அப்பா விமானம் பிடிக்கப் போவார். கார்களுக்கு இருப்பதுபோல விமானங்களுக்கும் வாலருகே பதிவு எழுத்துகள் உண்டு. அவற்றைத் தொலைநோக்கியில் படித்து, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்பதை அம்மா எப்போதோ நிறுத்தியிருந்தார்.

நோட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் மட்டும் பார்த்த விமானம் செல்லாது. நான் பார்த்ததற்கு ஒரு சரிக்குறி, அவர் பார்த்ததற்கு ஒரு சரிக்குறி. இரண்டும் விழுந்தால்தான் அது எங்களுடையது. அந்த ஆண்டு அப்பா தொலைநோக்கியை என் கழுத்தில் மாட்டிவிட்டார். "இனிமே நீதாம்மா படிக்கணும். நீ சொன்னதுக்கப்புறம் நான் பாத்துக்கிறேன்." பதவி உயர்வு கிடைத்த பெருமையில் இரண்டு நாள் அதைக் கழற்றாமல் திரிந்தேன்.

பள்ளி விடுமுறையில் அப்பா ஒரு திட்டம் போட்டார். ஒரே நாளில் மூன்று விமான நிலையங்கள்: காலையில் பாயான் லெப்பாஸ், அடுத்து அலோர் ஸ்டார், அங்கிருந்து திரும்பித் தெற்கே ஈப்போ. அம்மாவுக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வந்து, வழக்கத்துக்கு மாறாக என்னை முன் இருக்கையில் உட்காரவைத்தார். "பின்னால போய்ப் படுத்துக்காத. ரோட்டப் பாத்துக்கிட்டே வா. அப்பாகிட்ட பேசிக்கிட்டே போ."

பாயான் லெப்பாஸில் இரண்டு விமானங்கள் கிடைத்தன. தீவிலிருந்து வெளியேறும் பாலத்தைக் கடக்கும்போது கடல் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வெறும் வெள்ளைதான். வழி நெடுக அப்பா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். "முன்னால போற லோரி நம்பர் என்ன, சொல்லு பாப்போம்." நான் படித்துக்கொண்டே வந்தேன். தவறாமல் படித்ததற்கு வழியில் ஒரு ஐஸ்கிரீம்.

அலோர் ஸ்டார் விமான நிலைய வேலியோரம் காரை நிறுத்தியபோது புகை இன்னும் கெட்டியாகியிருந்தது. எதிரே ஓடுபாதை இருக்கிறது என்று நம்பிக்கொள்ளத்தான் வேண்டும். பின்னால் வயல்கள். மனித நடமாட்டமே இல்லை. எரிந்த வைக்கோல் நாற்றத்தில் கண் கரித்தது. ஒரு மணி நேரம் நின்றிருப்போம். அப்போது எங்கோ ஒரு இரைச்சல் எழுந்தது.

"வருது," என்றார் அப்பா.

இரைச்சல் பெருகியது, ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. தொலைநோக்கியில் என் இமை மயிரின் நிழல் மட்டும் தெரிந்தது. அப்பா, "படிச்சியா?" என்று கேட்டார். இல்லையென்றால் என் பதவி போய்விடும். வாயில் வந்த மூன்று எழுத்தைச் சொன்னேன்.

"கே, சி, டி."

அப்பா கையை நெற்றியில் வைத்து வேலிக்கு அப்பால் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "ஆமா. கே, சி, டி. இப்பதான் தரையத் தொட்டுச்சு." நோட்டை எடுத்து எழுதி, இரண்டு சரிக்குறியும் போட்டார்.

தொலைநோக்கியைத் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை. இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டிருந்தது.

சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க் காவலர், காலையிலிருந்து ஒரு விமானமும் இறங்கவில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தப் புகையில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவருக்கு என்னா தெரியும்லா," என்று அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இல்லாத ஒன்றுக்கு நான் பெயர் வைத்தேன். அது அப்பாவுக்காக வந்து இறங்கியிருக்கிறது. காருக்குள் ஏறியதும் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் நான் வாய் திறக்கவில்லை. "என்னம்மா, பேசவே மாட்டேங்கிற. முன்னால யாரு போறா?" யாருமில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் முளைத்தன. நெல் மூட்டை ஏற்றிய லாரி. அதன் எண் பலகையில் முதல் மூன்று எழுத்து: கே, சி, டி.

காலையில் அந்தப் பக்கத்து லாரிகளில் நானே படித்த எழுத்துதான் வாயில் வந்திருக்கும். அது இப்போது தெரிகிறது. அப்போது, என் பொய் உருவம் மாறி வந்து வழிமறிப்பதாகத்தான் நினைத்தேன். அதை வாய்விட்டுப் படித்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். வாயை இறுக மூடிக்கொண்டேன். லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். கிழிந்த சாக்கிலிருந்து உதிர்ந்த நெல் எங்கள் கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது.

"அப்பா, லோரி!"

கார் ஓரமாகச் சறுக்கி நின்றது. லாரி ஒன்றும் அறியாமல் புகைக்குள் போய்விட்டது. அப்பா இன்ஜினை அணைத்தார். "எவ்வளவு கிட்ட போனோம்?" என்று கேட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தன் கையை நீட்டி, என் ஒரு கையிலிருந்து மறு கைவரை காற்றில் தடவி அளந்தார்.

நான் அழுதுகொண்டே, விமானத்தைப் பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அப்பா மறுபடி இன்ஜினைக் கிளப்பினார்.

"சரி, விடு. அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

என் பொய்யை அப்பா மறைத்துக் காப்பாற்றுகிறார் என்று உருகிப்போனேன். ஈப்போ போகவில்லை. வீடுவரை எல்லா வண்டிகளின் எண்களையும் கத்திக் கத்திப் படித்துக்கொண்டு வந்தேன். இரண்டு மாதத்தில் காரை விற்றார்கள். அப்பாவின் பார்வை மங்கிவருவதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோதுகூட நான் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மா அன்று என்னை ஏன் முன்னால் உட்காரவைத்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

எனக்கும் ஒரு வருடமாகப் பார்வையின் ஓரங்கள் மங்குகின்றன. அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் போகவேண்டும். போன வாரம் சாவியை எடுத்தபோது மகளிடம் நான் சொன்னது இதுதான்: "முன்னால உக்காரு. ரோட்டப் பாத்துக்கிட்டே வா."

அவளைத் தூங்கவைத்துவிட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். கே.சி.டி., இரண்டு சரிக்குறி. அதற்குக் கீழே ஈப்போ என்று எழுதி, வெறும் இடம். அந்த விமானத்தைத் தான் மட்டும்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒன்பது வயதுப் பெண் எத்தனை நாள் பயந்துபோய்க் கிடந்தாள்.