அடுப்படிச் சுவர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அப்புத்தளையில் இரண்டு மாடிக் கடை, பண்டாரவளையில் கல்யாண மண்டபம், எல்ல ஊரில் வெள்ளைக்காரர் தங்கும் எட்டு ரூம், எல்லாம் இந்தக் கையால் எழும்பியவை. மண் சரிந்த வருசத்திலும் என் சுவர் ஒன்றுகூட அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஹார்ட்வெயார் கடை டிவியில், பழைய வீடுகளைப் புதுசாக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்க்க ஒரு தேயிலைத் தோட்டத்துக் காவற்காரர் வருவார்; லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு காம்பரா அவருக்கு. ஒட்டிய கன்னம், காதை மூடிய கம்பளித் தொப்பி. டிவியில் புது வீட்டுக் கதவு திறந்ததும், தானே உள்ளே போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிடுவார்.

ஒருநாள் அடுப்படிச் சுவரை உடைத்து, முன் அறையோடு சேர்த்துக் காட்டினார்கள்.

"நம்ம லயத்துக் காம்பராவுலயும் இப்புடிச் செய்யலாமா மொதலாளி?" என்று கேட்டார்.

"தாராளமா ஒடைங்க. காம்பரா மண்டபமாத் தெரியும். சொல்றது யாரு, நானில்ல?" என்றேன்.

டிவி வீட்டில் கேஸ் அடுப்பு, அவர் வீட்டில் விறகு அடுப்பு. லயத்தில் பிறந்த எனக்கே அது தோன்றவில்லை.

அடுத்த மாதம் கண் சிவந்து வந்தார்.

"பெருசாத்தான் இருக்கு மொதலாளி. பொகைக்கும் நல்லா எடம் கெடச்சிருச்சு. வீட்டுக்காரிதான் மூச்சு இழுப்பு வந்து பதுளை ஆஸ்பத்திரியில கெடக்கா. யாரு சொல்லி ஒடைச்சேன்னு தோட்டத்துத் தொரை கேட்டாரு. நானாத்தாங்கன்னுட்டேன்."

என் பேரை அவர் ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. சுவரைத் திரும்பக் கட்டிக்கொடுத்துவிட்டேன். ஆனால் தோட்டத்துச் சுவரை உடைத்த குற்றம் ஆபீஸில் அவர் பேரில் மட்டும் இருக்கிறது. உடைக்கச் சொன்னவன் நான். மேனேஜர் துரை அவர்களே, அங்கே என் பேரையும் எழுதுங்கள்.