மழை நாளில் அப்பா செய்வது

கொழும்பு அலுவலகத்தில், ஜன்னலுக்குக் கீழே தகரக் கூரையில் காலை மழை விழுகிறது. நான் படித்த யட்டியாந்தோட்டைப் பள்ளியிலும் அன்று இதே சத்தம்தான்.

ஆங்கில தின மேடைக்கு ஒருவர் வேண்டும். இந்த நிமிடம் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார் டீச்சர். அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் எழுந்து சொன்னவர்களின் பதிலில் அப்பாக்கள் எல்லோரும் தோட்டத்தில் றப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே மழையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “மை ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங். மை மதர் இஸ் ஸ்கோல்டிங்.”

வகுப்பே சிரித்தது.

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார் டீச்சர்.

“மழையில பால் வெட்ட மாட்டாங்க டீச்சர். பால் புடிக்கிற சிரட்டையெல்லாம் தண்ணி நெறஞ்சிரும்.”

என்னையே தெரிவுசெய்தார். அப்பாவுக்குத்தான் கோபம். “ஊரு முன்னால என் தூக்கத்தையாடி சொல்லப் போற?”

“உள்ளதத்தானே சொல்லுது புள்ள,” என்று சிரித்தாள் அம்மா.

ஆங்கில தினத்தன்று நல்ல வெயில். ஆனாலும் அப்பா வேலைக்குப் போகாமல், வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அவரை நோக்கிக் கைநீட்டினேன். “மை ஃபாதர் இஸ் லிசனிங் டு மீ.” கூட்டம் அவரைப் பார்த்துக் கைதட்டியது. அப்பா மெல்ல நிமிர்ந்தார்.

இப்போது அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கேயும் மழையாம்.

“அப்பா என்னம்மா பண்றாரு?”

“வேற என்ன? ஸ்லீப்பிங்.”