மறுபடி உள்ளே போனீங்களா?

எங்க அண்ணனைப் ‘பூட்டு’ன்னு சொன்னாத்தான் தெருவுல எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்துல அடுத்தவங்க வீட்டுப் பூட்டைத் திறந்து ஜெயிலுக்குப் போன மனுஷன், இப்ப அதே கையால பூட்டு ரிப்பேர் பண்ணிப் பிழைக்கிறார். பேருதான் கடை, இருக்கறது ஒரு பெஞ்சு, நாலு அரம், சாவி வெட்டுற மெஷின், அவ்வளவுதான். தடுப்புக்குப் பின்னாடி பாயை விரிச்சா அதுவே வீடு. விடுதலையாகி வர்றவங்களுக்கு உதவுற சங்கம் கொடுத்த அறை அது. மூணு வருஷத்துக்குள்ள திரும்பவும் தப்பு பண்ணினா அறை போச்சுன்னு ஒரே நிபந்தனை.

வெளியே வந்ததிலேர்ந்து அண்ணன் பொய் சொல்றதில்லை. தங்கச்சி எனக்குத்தான் அது பெரிய தலைவலி. இந்தப் பூட்டு நல்லதான்னு யாராவது கேட்டா, நான் ஒரு நிமிஷத்துல திறந்துடுவேங்கம்பார். கேட்டவர் பூட்டைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார், நைசா நழுவிடுவார்.

போன மாசம் சங்கத்துப் பொண்ணு வருஷக் கணக்கெடுப்புக்காகப் போன் பண்ணி, வெளியே வந்தப்புறம் மறுபடி உள்ளே போனீங்களான்னு கேட்டிருக்கு. இந்த மகராசன், “போனேனே, மாசாமாசம் போறேனே”ன்னு சொல்லியிருக்கார். ஜெயில்ல இவரோட ஒரே அறையில இருந்த தாடிக்காரருக்கு வந்து பார்க்க நாதியில்லை. அவரைப் பார்க்கத்தான் அண்ணன் போறார். அந்தப் பொண்ணு எதுக்குன்னு கேட்கவே இல்லை, ‘ஆம்’னு தட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போட்டுடுச்சு. மறுவாரமே அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

எனக்கு வந்துச்சே கோபம்! தச்சுக்கிட்டிருந்த ஜாக்கெட்டை மெஷின்லேயே விட்டுட்டு, அண்ணனை இழுத்துக்கிட்டு சங்க ஆபீசுக்குப் போனேன். நேர்ல பார்த்தா அந்தப் பொண்ணு தங்கமானவ, நம்மால கத்தக்கூட முடியலை. திரும்பத் தப்பு பண்ணினவங்கன்னு யாரைச் சொல்றதுங்கறதே இடத்துக்கு இடம் மாறுமாம். சில பேர் போலீஸ் பிடிச்சாலே சேர்த்துடுவாங்களாம், சில பேர் கோர்ட்டு தண்டனை கொடுத்தாத்தான் சேர்ப்பாங்களாம், இவங்களுக்கு மறுபடி ஜெயிலுக்குள்ள போனாத்தான் கணக்காம். எத்தனை வருஷம் பார்க்கறதுங்கறதும் ஆளாளுக்கு ஒண்ணாம். எதுல பார்த்தாலும் எங்க அண்ணன் வரமாட்டாரேன்னேன். ஒத்துக்கிச்சு. பழைய பதிலை அழிச்சுட்டுத் திரும்பக் கேட்கிறேன், இல்லைன்னு சொன்னாப் போதும்னுச்சு.

கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேளேம்மான்னு கெஞ்சினேன். முடியாதாம். எல்லார்கிட்டயும் அதே வார்த்தையில கேட்டாத்தான் போன வருஷத்தோட ஒப்பிட முடியுமாம்.

“மறுபடி உள்ளே போனீங்களா?”

அண்ணனுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துடுச்சு. மேஜைக்கடியில நான் அவர் காலை மிதிச்சேன்.

“போகலை”ன்னார்.

அறை தப்பிச்சுது. எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. ஆனா பஸ்ல அண்ணன் முகமே செத்துப் போயிருந்துச்சு.

“பொய் சொல்லிட்டேன். இனிமேயாவது அதை நிஜமாக்கணும். தாடியைப் பார்க்கப் போக மாட்டேன்”னார்.

நான் திட்டாத திட்டு இல்லை, மனுஷன் அசையலை. ஞாயித்துக்கிழமை பேரைக் கூப்பிடுவாங்கன்னு தாடிக்காரர் காத்துக்கிட்டிருப்பாரேன்னு நினைச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. சரி, கேள்வி உங்களுக்குத்தானே, எனக்கில்லையேன்னு சொல்லிட்டு நானே கிளம்பினேன். துணைக்கு வந்த அண்ணன், ஜெயில் கேட்டுக்கு வெளியிலயே நின்னுட்டார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தாடிக்காரர் வந்தார். நான் யாருன்னு சொன்னதும் பதறிட்டார்.

“ஏம்மா, பூட்டு மறுபடி மாட்டிக்கிட்டானா?”

“இல்லைங்க. வெளியிலதான் இருக்கார்”னேன்.