அறையில் கேட்ட ஆண் குரல்

ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்காரி என் அறைக் கதவைத் தட்டினார். ஆஸ்திரேலியாவில், பிளாக்டவுனில் அவருடைய வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அறைக்கு ஆண்கள் வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"உள்ளே ஒரு ஆள் பேசுகிறார்," என்றார்.

"அது என் அம்மா."

வீட்டுக்காரி ஒல்லாந்து நாட்டவர். எங்கள் யாழ்ப்பாணத்தில் உங்கள் ஆட்கள் கட்டிய கோட்டை இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றதும் தானே கட்டியவர்போலத் தலையாட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கப்பலேறி வந்தவருக்கு ஆஸ்திரேலியா இன்னும் பழகவில்லை. பஞ்சு மாதிரியான பேக்கரிப் பாண், சனிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டிவிடும் கடைகள், பழுதான சாமானை விற்றுவிட்டுச் சிரிக்கிற கடைக்காரர் என்று குறை சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. மனிதரை மன்னிக்கலாம், மெஷினை மன்னிக்கக்கூடாது என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் கடிதத்தை ஊரில் யாரோ வாசித்துச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் புலமைப்பரிசில் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு கசெற் ரெக்கோடர் வாங்கினேன். பெரியம்மாவின் மகன் கப்பலில் வேலை செய்தவன்; அவன் ஊரிலும் ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தான். நான் பேசி அனுப்புவேன். அம்மா பேசி அனுப்புவார்.

முதல் கசெற்றைக் கேட்டபோது அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று பயந்தேன். குரல் கனத்து, இழுபட்டு வந்தது. திரும்பக் கேட்டபோது பயம் வேறு மாதிரி ஆயிற்று. எதைச் சொன்னாலும் 'விளங்குதோ' என்று முடிப்பது அப்பாவின் பழக்கம். அவர் செத்தபிறகு அம்மா அதை எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் என் அறையில் அந்தச் சொல்லைச் சொன்னது அம்மா இல்லை. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, ஈரக் காலோடு வாசலில் வந்து நிற்கிற அப்பாதான் சொன்னார். அப்பாவின் படம் ஒன்று இருந்தது. அவர் குரல் எதிலும் பதிந்திருக்கவில்லை.

இரண்டாவது கசெற்றில் அம்மா கேட்டிருந்தார்: "என்ன பிள்ளை, குருவிக்குஞ்சு மாதிரிக் கீச்சிடுறாய்? அங்க ஆருக்கும் பயந்துகொண்டு இருக்கிறியோ? உன்ர குரலில கதை. விளங்குதோ?"

நான் விஞ்ஞானம் படிக்க வந்தவள். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ரெக்கோடர் மெதுவாக ஓடுகிறது. அதில் பதிந்த என் குரல் ஊரிலுள்ள நல்ல ரெக்கோடரில் கீச்சிடும். அம்மாவின் குரல் இங்கே கனக்கும். தெரிந்தும் அதை மாற்றப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரி உள்ளே வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கேட்டார். மெஷின் பழுது, இன்றைக்கே கொண்டுபோய் மாற்று என்றார். பழகிவிட்டது, இருக்கட்டும் என்றேன். பாவித்த சாமானைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் வெட்கம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"உங்கள் ஆட்களுக்கு உரிமையைக் கேட்கப் பயம்," என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அம்மாவும் அதைத்தானே கேட்டிருந்தார். ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.

கடைக்காரன் பூட்டுகிற அவசரத்தில் இருந்தான். நன்றாகத்தானே பாடுகிறது என்றான். அம்மாவின் கசெற்றைப் புதியது ஒன்றில் போட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா பேசினார். மெல்லிய, விறுவிறு என்ற, சண்டைக்கு நிற்கிற குரல். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கடையில் வேறு யாருக்கும் விளங்காத சொற்களில் என்னை ஏசிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கடைக்காரன் புதியதை என் பக்கம் நகர்த்திவிட்டு, பழைய ரெக்கோடரின் வயரைச் சுற்றி, அதை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டான். கீழே தள்ளியது ஒரு ஆளை என்பதுபோல என் கை நீண்டது. வீட்டுக்காரி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். வென்றுவிட்டோம் என்றார்.

அடுத்த நாள் அம்மாவுக்கு என் சொந்தக் குரலில் பேசி அனுப்பினேன். யாருக்கும் பயமில்லை என்று சொன்னேன்.

சில நாள் கழித்து வீட்டுக்காரியின் ரோச் லைட்டில் ஒளி மங்கி, அதன் பற்றறிகளை அவர் எறியப் போனபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்றார். வேலை இருக்கிறது என்றேன். அன்று பிற்பகலில் புது ரெக்கோடரின் வயரைக் கழற்றிவிட்டு அவற்றைப் போட்டு, அம்மாவின் கசெற்றை ஓடவிட்டேன். அம்மா அம்மாவாகவே தொடங்கினார். போகப்போகக் குரல் களைத்து, கனத்து, ஆழத்துக்கு இறங்கியது. ஈரக் கால்கள் வாசலுக்கு வந்துவிட்டன.

"விளங்குதோ?"

"ஓம் அப்பா," என்றேன்.

வெளியே நடையில் செருப்புச் சத்தம் கேட்டு நின்றது. பற்றறிகள் எதற்கென்று வீட்டுக்காரிக்கு விளங்கியிருக்கும், இந்த முறை கதவைத் தட்டவில்லை. கசெற் முழுதாக நின்றுபோகும் வரை அங்கேயே நின்றார்.