குர்குமா என்றால் மஞ்சள்

போன வாரம் வீட்டுக்காரம்மா வாங்கிவந்த மஞ்சள்தூள் பாக்கெட்டின் பின்பக்கம் ரஷ்ய எழுத்தில் 'குர்குமா' என்று அச்சடித்திருந்தது. ஏற்றுமதிக்குப் போகாமல் எங்கள் ஊருக்குத் தப்பிவந்த சரக்கு போலிருக்கிறது. எனக்கு எப்படி ரஷ்ய எழுத்து தெரியும் என்கிறீர்களா? துபாயில் தேரா கடைத்தெருவில் மசாலாக் கடையில் நின்றவன் நான்.

இரண்டாயிரங்களில் அந்தத் தெருவுக்கு ரஷ்யர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். இஞ்சிக்கு இம்பீர், பட்டைக்கு கரீத்சா என்று தமிழ், ரஷ்யம் இரண்டு எழுத்திலும் எழுதிய அட்டை ஒன்று கல்லாவுக்கு அடியில் இருக்கும். குர்குமா என்ற சொல்லுக்கு மட்டும் தடை. மஞ்சள்தூளைச் சின்ன டப்பாவில் அடைத்து, குங்குமப்பூவுக்கு உரிய 'ஷஃப்ரான்' என்ற பெயரில்தான் விற்க வேண்டும் என்பது முதலாளியின் வேதவாக்கு. நானும் முகத்தைச் சாமியார் மாதிரி வைத்துக்கொண்டு விற்றேன்.

அட்டை எழுதியவர் என்னோடு நின்ற யாழ்ப்பாணத்துச் செல்வராசா. தடை செய்த சொல்லையும் ஆசைக்கு அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். மாதாமாதம் ஆட்களைக் கூட்டிவரும் ஒரு ரஷ்ய அம்மாள், பழைய பள்ளி ஆசிரியை, ஓட்டை ஆங்கிலத்தில் அவருக்குச் சொற்களின் வரலாறு சொல்வார். குர்குமா அரபியிலிருந்து போன சொல்லாம். அரபியில் குர்கும் என்றால் முதலில் குங்குமப்பூதானாம். நம் குங்குமத்துக்கும் அது ஒன்றுவிட்ட உறவாம். ரஷ்யா போய்ச் சேர்வதற்குள் மஞ்சளாகிவிட்டது. எங்கள் முதலாளிக்கு முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள் என்று நான் சிரித்தேன்.

ஒருநாள் அந்த அம்மாள் ஷஃப்ரான் டப்பாவைத் தூக்கி, இது என்ன என்று செல்வராசாவைக் கேட்டார். மனுஷன் குர்குமா என்று சொல்லிவிட்டார். பஸ் முழுக்க வெறுங்கையோடு திரும்பியது. சொன்னது யார் என்று முதலாளி விசாரிக்க வருவதற்குள், செல்வராசா என்னிடம் வந்தார்.

"அண்ணை, அவவே மூக்கில வச்சு மணந்து பாத்துக் கண்டுபிடிச்சவ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஊரில சண்டை, பாதை பூட்டிக் கிடக்கு. விசாவை வெட்டினா நான் எங்க போறது?"

தினம் இருபது பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்குப் பார்த்து உண்மை பேசும் ஆசை வந்தது. முதலாளி வந்து கேட்டதும், இவர்தான் சொன்னார் என்றேன். செல்வராசாவின் விசாவைப் போல என் விசாவும் முதலாளியின் மேசை டிராயரில்தானே இருந்தது. முதலாளி "கலாஸ்" என்றார், அரபியில் 'முடிந்தது'. பத்து நாளில் செல்வராசாவை விமானம் ஏற்றிவிட்டார்கள். அட்டை என் கைக்கு வந்தது. அதை வைத்து இன்னும் நாலு வருஷம் ஷஃப்ரான் விற்றேன்.

இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்களாம். முதலாளி இல்லை, அட்டை எங்கே போயிற்றோ. செல்வராசாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் விசாரிக்கவும் இல்லை, வெட்கம்தான் காரணம்.

பாக்கெட்டைச் சத்தமாகப் படித்தேன். "அப்படின்னா என்னங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து.

"மஞ்சள்தான்" என்றேன். இப்போது சொல்ல எனக்கு ஒரு பயமும் இல்லை.