மூன்று விரல் வாய்

கஞ்சி ஊட்டும் முன்னால் என் கணவரின் வாயில் விரல்களை அடுக்கிப் பார்ப்பது காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் மூன்று விரல் நிற்க வேண்டும், குறைந்தால் உடனே வரவேண்டும் என்று பல் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விசைப்படகுக்குப் போன நாளிலிருந்தே, பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவைக் கன்னத்தில் அடக்கியவர். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துத் தடித்து, வாய் சுருங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் குப்பத்தில் வலைக்கண்ணியை விரல் விட்டுத்தான் அளப்போம்; வஞ்சிரத்துக்குப் பெரிய கண்ணி, மத்திக்குச் சின்னது. எங்கள் வீட்டில் வலை பின்னியவள் நான், அதனால் என் விரல்தான் அளவு. அவர் வாயையும் அப்படியே அளந்தேன்.

"மூணும் போவுதுயா."

"வஞ்சிர வலையா மே, மத்தி வலையா?" என்று பல் இடுக்கிலேயே சிரிப்பார்.

அடுத்த முறை போனபோது இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எத்தனை விரல் போகிறது என்று கேட்டாள். "மூணு" என்றேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"உள்நாக்கு தெரியல. கடைவாய்ப்பல்கூடத் தெரியலையே. தாத்தா, உங்க விரலை நீங்களே வைங்க."

வடம் இழுத்து இழுத்து முட்டி பருத்த விரல்கள். ஒன்று போனது. இரண்டாவது நகத்தோடு நின்றுவிட்டது.

"இத்தனை நாள் யார் விரல்மா வெச்சீங்க?"

முந்தானைக்குள் இருந்த என் கையைக் காட்டினேன்.

"அவர் வாய்க்கு அவர் விரல்தாம்மா அளவு" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மேசையில் இருந்த பல்செட்டு பொம்மையைத் திறந்து காட்டினாள். கடிக்க முன்பல், கிழிக்கக் கோரைப்பல், அரைக்கக் கடைவாய்ப்பல். நாலாங்கிளாசில் சிலேட்டில் வரைந்த அதே பற்கள். "பல்லெல்லாம் கெட்டியா இருக்கு. கன்னத்துச் சதைதான் கயிறாட்டம் இறுகிடுச்சு. அந்தச் சதையில துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும், ஆனா கருவி உள்ளே போகணுமே. வாயைத் திறந்து திறந்து பழக்குங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்."

டோல்கேட்டில் பஸ் மாறும்போது அவரே சொன்னார்.

"உடு மே. உன் வெரலு ஒல்லியா கீது, அதுக்கு நீ இன்னா பண்ணுவே?"

ராத்திரி சங்கரா மீனை முள்ளெடுத்துப் பிசைந்து, சோற்றோடு கரைத்தேன். ஒரு பல்கூட விழாத மனுஷன். கோரைப்பல்லாலேயே தூண்டில் நரம்பை அறுப்பார். இப்போது அந்தப் பற்களுக்கு வெளியிலேயே கரண்டி நின்று வழிகிறது.

காலையில் அவர் கையையே பிடித்து அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். ஒரு விரல் போனது. இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்தினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, "இன்னும் தள்ளு மே" என்கிற மாதிரி என்னையே பார்த்தார். என்னால் முடியவில்லை. விட்டுவிட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தேன்.