ஒரே ஓடு, வேறு வம்சம்

நானும் அவனும் திருத்தணியில் ஒரே ரயில் ஏறிச் சென்னை ஆய்வகத்துக்குப் போய்வந்தோம். அவன் பள்ளிப்பட்டுக்காரன், ஸ்டேஷன் வரை பைக்கில் வருவான். எனக்கு ஒரு வருடம் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். கடல் நத்தைகளின் விந்தணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, எது எதற்கு உறவு என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. ஓட்டின் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரே மாதிரிப் பாறையில், ஒரே மாதிரி அலையில் வாழ்ந்தால் சம்பந்தமில்லாத நத்தைகளுக்கும் ஒரே மாதிரி ஓடு அமைந்துவிடும். விந்தணுவின் அமைப்பு பெரும்பாலும் உண்மையான வம்சத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நாள் மதியம் அவன் இரண்டு படங்களை என் மேசையில் வைத்தான். நெருங்கிய உறவு என்று என் ஆய்வேட்டில் நான் எழுதியிருந்த இரண்டு நத்தைகளின் விந்தணுக்கள்.

“நடுப்பகுதியைப் பாருங்கக்கா. இதுல மைட்டோகாண்ட்ரியா முறுக்கிகினு போவுது. அதுல நேரா நிக்குது. ரெண்டும் சொந்தமே இல்லக்கா.”

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது.

“நீ திசுவைச் சரியாப் பதப்படுத்தல. அதான் கெட்டுப்போயிருக்குது,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. படங்களை நிதானமாகப் பார்க்கக்கூட இல்லை.

“ஆங், இருக்கலாங்கக்கா,” என்று எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு வரும் வழியில் லாரி மோதி இறந்துபோனான்.

நான் பட்டம் வாங்கினேன். அதே ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. ரயிலில் எதிர் இருக்கையில் யார் வந்து உட்கார்ந்தாலும் திடுக்கிட்டேன். போன வருடம் அலமாரியை ஒழித்தபோது அவன் கையெழுத்திட்ட டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே, பிசினில் உறைந்த அந்த நத்தைத் திசுக்கள். பல நாள் அதைத் தொடாமல் இருந்தேன். பிறகு ஒரு காலையில் மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கிக்குள் வைத்தேன்.

அந்த அறையைப் பகலிலும் இருட்டாகத்தான் வைத்திருப்போம். திரையில் முறுக்கு தெளிவாகத் தெரிந்தது. சவ்வு எங்கேயும் கிழியவில்லை. பதப்படுத்தியதில் ஒரு குறையும் இல்லை. என் தோளுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

என் பழைய முடிவு தவறு என்று கட்டுரை எழுதினேன். முதல் பெயராக அவன் பெயரைப் போட்டேன். அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குப் போனேன்.

அவன் தங்கை விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தாள். கட்டுரையில் அண்ணன் பெயரை விரலால் தடவினாள்.

“வழக்கமா ஏழு மணிக்குத்தான் கிளம்புவாருங்க. அன்னிக்கு அஞ்சுக்கே கிளம்பிட்டாரு. யாரோ தப்புன்னு சொல்லிட்டாங்களாம். மொதல்லேர்ந்து செஞ்சி காட்டணும்னாரு.”

“அப்படிச் சொன்னது நான்தாம்மா.”

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. கட்டுரையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் தறியை ஓடவிட்டாள். வீடே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.